சும்மா பார்க்க

சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் தூரத்து ஊர் இல்லை. ஒரகடம், வாலாஜாபாத், அப்புறம் காஞ்சி. நெரிசல் இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நானும் இருபது ஆண்டுகளாகப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். அக்கா மகளுக்கு நிச்சயப் பட்டு எடுக்க, மாமியாரின் வேண்டுதலை முடிக்கக் காமாட்சியம்மன் கோவிலுக்கு, கொழுந்தனார் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க, விடைத்தாள் திருத்த, கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க. போன ஒவ்வொரு முறையும் ஒரு காரியம் இருந்தது. காரியம் முடிந்ததும் வண்டி ஏறிவிடுவேன். ஆண்டுதோறும் மாணவிகளுக்கு மணிமேகலையின் ‘கச்சிமாநகர் புக்க காதை’யை நடத்துகிறவள் அந்தக் கச்சிமாநகரைக் காரியம் இல்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நம் வீடுகளில் ‘சும்மா’ என்ற சொல் ஆண்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. “சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆணை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. பெண் கிளம்பினால் ‘எதுக்கு’ என்ற கேள்வி வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். கோவிலுக்கு, கடைக்கு, டாக்டரிடம், வேலைக்கு, சாவு வீட்டுக்கு என்று விடை சொல்லியாக வேண்டும். ‘ஊரைப் பார்க்க’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தனியாகவே சம்பாதித்து, தனியாகவே வீட்டுக்கடன் கட்டும் பெண்களுக்கும் இல்லை.

போன ஆண்டு கல்லூரி விடுமுறையில் ஒருநாள் முழுக்க ஒரு வழிகாட்டியையும் வாடகைக் காரையும் ஏற்பாடு செய்தேன். போனில் வழிகாட்டி கேட்டார்:

“எத்தனை பேர் மேடம்?”

“ரெண்டு பேர். நானும் இன்னொரு பொண்ணும்.”

“சார் வரலையா?”

“இல்லைங்க.”

“சரி, அப்ப காலைல ரெண்டு கோவில், அதுக்கப்புறம் பட்டு. லேடீஸ்னா பட்டுக்கு டைம் வேணும் பாருங்க.”

அந்த இன்னொரு பெண் எங்கள் மேல்மாடியில் மூன்று தோழிகளோடு வாடகைக்கு இருப்பவள். ஆரணிப் பக்கத்துக் கிராமம். ஒரகடத்தில் ஓர் ஆலையில் மூன்று வருடமாக வேலை. முதலில் ஒரு விடுதியில் இருந்தாள். வார விடுப்பில் வெளியே போகவும் அனுமதி எழுதி வாங்கவேண்டியிருந்ததால் அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று வருடத்தில் அவள் பார்த்தது ஆலைப் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது மட்டும்தான். “நீயும் வர்றியா?” என்றதும் சரி என்றாள். முந்தின நாள் இரவு அவள் தன் அம்மாவோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேசியது எனக்குக் கேட்டது. “கீழ்வீட்டு அக்காகூட காஞ்சிபுரம்மா... இல்ல, புடவை எடுக்க இல்ல. வேண்டுதலும் இல்ல. சும்மா பார்க்க.” அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. “அம்மா, லீவு நாள் முழுக்கப் படுத்துத் தூங்கினா மட்டும் என்னாகப் போகுது?” என்று முடித்தாள்.

வழிகாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல மனிதர். ஆண்டுகளைத் தடங்கலின்றிச் சொல்வார். கைலாசநாதர் கோவிலில் காலை வெயில் மணற்கல்லில் விழுந்துகொண்டிருந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பியது, உள்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள், தூண்களைத் தாங்கும் சிங்கங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலுக்கு முன்னால் எட்டுச் சின்னக் கோவில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கடந்து உள்ளே போகத் திரும்பியவரிடம் கேட்டேன்: “இதெல்லாம் யார் கட்டினது சார்?”

“எல்லாம் ராஜசிம்மன்தான் மேடம்.”

அந்த வரிசையில் ஒன்றின் கல்வெட்டு, அதைக் கட்டியவள் ரங்கபதாகை என்ற அரசி என்று சொல்கிறது. வடமொழியில், பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு. பெண்களுக்குள் பதாகை போன்றவள் என்று அவள் பெயரை வைத்தே சொல் விளையாடுகிறது. ஹூல்ட்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது அச்சேறிவிட்டது. அதே வரிசையில் இன்னொரு சிற்றாலயத்தின் கல்வெட்டும் ஒரு பெண்ணைப் பற்றியதுதான். அவளுடைய அழகு, மென்மை, நளினம் எல்லாவற்றையும் அது புகழ்கிறது. அந்தப் புகழ்ச்சி படிக்கக் கிடைக்கிறது. பெயர் இருந்த பகுதி சிதைந்துவிட்டது. கோவில் கட்டிய ஒரு பெண்ணைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது அவள் அழகாக இருந்தாள் என்ற செய்தி. பெண்களைப் பற்றிய வரலாற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் நினைவுக்கு வரும்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தச் சின்னக் கோவிலையே பார்த்தார். “இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல மேடம். கேட்டாத்தானே நாங்களும் தேடுவோம்” என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழிகாட்டியின் கதை, கேட்பவரின் ஆர்வத்தை ஒட்டித்தான் வளர்கிறது. அரசன், போர், எத்தனை டன் கல் என்று கேட்டுக் கேட்டே அந்தக் கதை அப்படி ஆகியிருக்கிறது.

பிறகு அவரே ஒன்றைச் சொன்னார். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோவிலின் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைக் கன்னடத்தில் இங்கேயே கல்வெட்டாகவும் பொறித்தான் என்றார். அதற்கு மேலே நான் சேர்த்தேன்: அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் பெரிய விருபாட்சர் கோவிலைக் கட்டியவள் அவனுடைய அரசி லோகமகாதேவி. அது முதலில் அவள் பெயரால் லோகேசுவரம் என்றே அழைக்கப்பட்டது. காஞ்சியின் கைலாசநாதர் அதற்கு முன்மாதிரி. “அப்ப இங்க பார்த்துட்டுப் போயி அங்க கட்டியிருக்காங்க” என்றாள் பெண். யார் பார்த்தார்கள், யார் சொல்லிக் கேட்டார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான வழி இருக்கிறது. தவழ்ந்து நுழைந்து சுற்றி வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. சுடிதாரில் வந்திருந்த அவள் சட்டென்று புகுந்து மறுபக்கம் வந்து நின்றாள். “மறுபடி பொறக்க மாட்டியே, பரவாயில்லையா?” என்று கேட்டேன். “பையனா பொறக்கிறதா இருந்தா மட்டும் கேன்சல் பண்ணச் சொல்லணும்கா” என்று சிரித்தாள். வழிகாட்டிக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மதியம் கோவில்கள் நடை சாத்தியிருக்கும் நேரம் பட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தக் கடைக்கும் வேண்டாம், தறியைப் பார்க்க வேண்டும் என்றேன். போகும் வழியில் அண்ணா நினைவு இல்லத்தின் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அது அவர் திட்டத்தில் இல்லை. முகூர்த்தப் புடவைக்குப் பேர்போன ஊரில் பிறந்த மனிதரின் ஆட்சிதான் 1967இல், புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆக்கியது. அதுவரை அப்படி மணந்துகொண்ட பெண்களை நீதிமன்றம் மனைவி என்று ஒப்புக்கொள்ளாத நிலை இருந்தது. கல்யாணத்துக்காகக் காஞ்சிக்கு வருகிற பெண்கள் பார்த்துவிட்டுப் போக வேண்டிய வாசல் அது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறியில் கணவர் உட்கார்ந்திருந்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோத்து நெய்யும் கோர்வை வேலை அது. ஒரு கரைப் பக்கத்து நாடாவைக் கொடுத்து வாங்க இன்னொரு கை வேண்டும். வழிகாட்டி நெசவாளரைக் காட்டி விளக்கத் தொடங்கினார். 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அவளைக் காணவில்லை. திண்ணையோரம் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்மணியின் எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மாவும் இதான் செய்வாங்க. ஆரணியில.”

“பட்டா?”

“ஆமா. ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் சுத்துவேன். இழை அறுந்தா முடிச்சுப் போடத் தெரியும்.”

அந்தப் பெண்மணி ராட்டையை அவள் பக்கம் தள்ளினார். இவள் கை பழகிய கையாக ஓடியது. தாரில் நூல் ஒழுங்காக ஏறாவிட்டால் நாடா ஓடும்போது சிக்கும், சிக்கினால் துணியில் தெரியும், ஆனால் பழி நெசவாளிக்குத்தான் வரும் என்று எங்களுக்கு விளக்கினாள். வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்குக் கூலி தனியாத் தருவாங்களாக்கா?”

“தனியா ஏது? புடவைக்கு இவ்வளவுன்னு அவருகிட்ட வரும். இது வீட்டு வேலைதானே.”

நூல் இழைப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைக்க உதவுவது, கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவது என்று தறியைச் சுற்றி நடக்கும் பாதி வேலை அந்த வீட்டுப் பெண்களுடையது. நெசவாளி என்ற பெயரும் கூலியும் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகின்றன. வெளியே வந்தபோது அவள் சொன்னாள்: “எனக்கு அந்தக் கம்பெனி வேலை பிடிக்கலக்கா. பத்து மணி நேரம் நிக்கணும், பாத்ரூம் போனா கணக்கு. ஆனா மாசம் பொறந்தா என் பேர்ல சம்பளம் விழுது. எங்கம்மா பேர்ல ஒரு ரூபா வந்ததில்ல.” ரங்கபதாகையைப் பற்றிக் காலையில் நான் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது. பெயர் ஒரு அலங்காரம் இல்லை. யார் செய்தார்கள் என்பதற்கான ரசீது அது.

நான்கு மணிக்குமேல் ஏகாம்பரநாதர் கோவில். மணலால் லிங்கம் பிடித்து வழிபட்ட அம்மன், வெள்ளம் வந்தபோது அதைக் கட்டி அணைத்துக் காத்த கதையை வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். நான் மணிமேகலை எங்கே என்று கேட்டேன். “அதுக்குன்னு இடம் எதுவும் இல்ல மேடம்” என்றவர், கொஞ்சம் யோசித்து வெளிமதிலுக்கு அழைத்துப்போய்க் கல்லோடு கல்லாக இருக்கும் புத்தர் உருவங்களைக் காட்டினார். அந்த மதிலோரத்தில் நின்று அவளுக்கு மணிமேகலையின் கதையைச் சொன்னேன்.

வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிய விரும்பிய மணிமேகலை, இளம்பெண்ணாகப் போனால் சொல்லமாட்டார்கள் என்பதால் ஆண் துறவியின் உருவெடுத்துத்தான் போக வேண்டியிருந்தது. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அவள் அமுதசுரபியோடு வந்தாள். மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு இங்கே இருந்தார்கள். அடிகளிடம் அவள் தருக்கமும் அறமும் கேட்டுக் கற்றது இந்த ஊரில்தான். பெண் வேடம் மாறினால்தான் கேள்வி கேட்க முடியும் என்ற நிலையை அத்தனை காலத்துக்கு முன்பே சாத்தனார் எழுதிவைத்துவிட்டார். அந்தப் பாத்திரம் நிறைந்தது ஆதிரை என்ற பெண் இட்ட முதல் பிச்சையால் என்பதையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அதுல வந்தது நல்ல சாப்பாடாக்கா?”

விடுதியில் இருந்தவள் கேட்கிற கேள்வி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். காஞ்சிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வந்துபோகும் சாலை அது. எந்த வழிகாட்டியும் அந்த இடத்தைக் கைகாட்டுவதில்லை. பசி தீர்த்த பெண்ணின் காப்பியம் முடிகிற நாட்டில், சோறு சரியில்லை என்று பெண்கள் எழுந்த இடமும் வரலாற்றுச் சின்னம்தான்.

மாணவிகளிடம் இப்போது நான் சொல்வது இதுதான். ஒரு ஊருக்குப் போனால் ஒருநாளாவது எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளாமல் போங்கள். வழிகாட்டி இருந்தால் கேளுங்கள். யார் கட்டினது, யார் நூல் சுற்றினது, யாருக்குக் கூலி போனது, யார் பெயர் உடைந்துபோனது என்று கேளுங்கள். தெரியாது என்றால் பரவாயில்லை, அடுத்து வருகிறவளுக்காவது அவர் தேடிவைப்பார்.

திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டியதும் அவளுடைய அம்மா கூப்பிட்டார். என்னடி பார்த்தே என்று கேட்டிருக்க வேண்டும். கைலாசநாதர், தவழ்ந்து போன வழி, புத்தர், சட்டியோடு வந்த பெண் என்று ஒரகடம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஷிப்ட் மாறும் நேரம். ஆலைப் பேருந்துகள் எதிரே வரிசையாக வந்தன. “உன்ன மாதிரியே ஒருத்தங்க தார் சுத்திட்டு இருந்தாங்கம்மா” என்றபோது போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“அங்க என்ன கூலியாம்?”