முதுகு காட்டி வைத்த டைமிங்

பெட்ரோல் என்ஜினில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் உயிர். பிஸ்டன் ஏறி உச்சியைத் தாண்டின பிறகு விழுந்தால் லேட்; வண்டி இழுக்காது, சைலன்சர் கொதிக்கும். ரொம்ப முந்தி விழுந்தால் ஏறி வருகிறவன் மண்டையில் அடிச்ச மாதிரி. டொக் டொக் என்று நாக்கிங் கேட்கும், நாளாவட்டத்தில் பிஸ்டனே ஓட்டையாகும். வேகம் கூடக்கூடப் பொறியும் முந்திக்கொண்டே போகணும். பெட்ரோல் எரிய ஆகிற நேரம் அவ்வளவாகக் குறையாது, பிஸ்டன்தான் பறக்கிறது. நாலு சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி. அந்த நூறும் இடம் தப்பாமல் விழ வேண்டும். இதைத்தான் டைமிங் என்கிறோம்.

இந்த டைமிங்கை எனக்கு எந்த மேஸ்திரியும் சொல்லித் தரவில்லை.

1983ல் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன். நைனாதான் கூட்டிக்கொண்டு போய் விட்டது. மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி ஸ்பேனர் சைஸ் தெரியுமா என்பதல்ல.

"சிங்கப்பெருமாள் கோவில்னா, எங்க? ஊர்லயா, ஊருக்கு வெளியயா?"

நைனா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "காலனிங்க" என்றது. "சரி, கீழ போய் கிரீஸ் அடிக்கட்டும்" என்றார். மூணு வருஷம் நான் கீழேதான் இருந்தேன். வண்டிக்கு அடியில். கிரீஸ், மண்ணெண்ணெய், சேறு, சைலன்சர் போல்ட்டு. அவர் என்னை அடித்தவரில்லை. சனிக்கிழமை கூலியை ஒருநாளும் தள்ளிப் போட்டவரில்லை. தீபாவளிக்குச் சட்டைத் துணிகூட எடுத்துக் கொடுத்தார். இதையும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபம், விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுகிற நேரம் வந்தால், "டேய், போய் டீ வாங்கியா" என்பார். டீயோடு வந்தால் வண்டி ஸ்டார்ட்டாகி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஷாப்புக்கு நிறைய வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் கம்பெனி இருந்ததால் எங்கள் பக்கத்தில் அந்த வண்டி அதிகம். 1961லிருந்து அங்கே செய்த வண்டி. அதில் போனட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கமாய்ச் சாயும். முன் டயர் மேலேயே குந்திக்கொண்டு வேலை பார்க்கலாம். என்ஜின் நாலு பக்கமும் வெட்டவெளி, எதையும் மறைக்க முடியாத வண்டி. அதனால் மேஸ்திரி முதுகால் மறைப்பார். பாயிண்ட் கேப்பை வைத்து, பாடியை ஒரு நூல் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, போல்ட்டை இறுக்குகிற வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய காக்கிச் சட்டையின் முதுகு. எனக்கு ஒரு வருஷம் பிந்தி அவருடைய ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். அவனை ஆறாம் மாசமே "இங்க வாடா, இத கேளு" என்று பக்கத்தில் நிறுத்தினார். அவனும் நல்ல பையன்தான். என்னிடம் பீடி கடன் வாங்குவான். டைமிங்கை மட்டும் சொல்ல மாட்டான்.

தொழில் ரகசியம் என்று இதற்குப் பேர். வைத்தியத்தில், சங்கீதத்தில், சமையலில் எல்லாம் இருக்கிறது, எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். குரு மனசு வைத்தால் கிடைக்குமாம். மனசு எந்தத் தெருப்பக்கம் வைக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் புதுப்பேட்டைக்குப் போனேன். உடைத்த வண்டிச் சாமானெல்லாம் குவிந்து கிடக்கிற இடம். மேல்மூடி உடைந்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று பழைய இரும்பு எடைக்குக் கிடைத்தது. வீட்டு வாசலில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு பிரித்தேன். பாயிண்ட் உட்காருகிற தட்டைத் தூக்கினால் அதன் கீழே இரண்டு எடைக்கட்டிகள், இரண்டு ஸ்பிரிங். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு. தடிப்பானதின் கொக்கி மட்டும் கொஞ்சம் லூசாக இருந்தது. தேய்ந்து போச்சு போல என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு புரிந்தது, அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி. சுற்றும்போது எடைகள் வெளியே விரியும், விரிந்தால் பொறி முந்தும். குறைந்த வேகத்தில் மெல்லிசு மட்டும் இழுத்துப் பிடிக்கும், அதனால் பொறி மளமளவென்று முந்தும். ஒரு வேகத்துக்கு மேல் தடிப்பும் சேர்ந்து பிடிக்க, முந்துவது மெதுவாகும். இந்த வளைவுதான் அட்வான்ஸ் கர்வ். மேஸ்திரி காதால் கேட்டது இதைத்தான்.

அதற்குள்ளேயே இரும்பில் 15 என்று குத்தியிருந்தது. அது என்ன என்று தெரியவில்லை. தாம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் முன்பக்கம் கிழிந்த ஒர்க் ஷாப் மேனுவல் ஒன்று வாங்கினேன். எங்கள் காலனியில் ஒரு வாத்தியார் இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், என்ஜின் தெரியாது. எனக்கு என்ஜின் கொஞ்சம் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு என்ஜினுடைய கிராங்க் வேகத்தில் பாதிதான் சுற்றும். ஆகவே இங்கே 15 டிகிரி என்றால் கிராங்கில் 30 டிகிரி. அவர் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ரகசியம் என்று முதுகால் மறைத்தது பூராவும் உள்ளே எண்ணாக அச்சடித்துக் கிடந்தது. இங்கிலீஷ்காரன் மறைக்கவில்லை. அதை மறைக்க நம்ம ஆளுக்கு ஒரு முதுகு போதுமானதாக இருந்தது.

பாயிண்டும் காயிலும் வைத்துப் பொறி போடுகிற இந்த முறை கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்தது. 1912ல் காடிலாக் காரில் வந்தது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இருபதாயிரம் வோல்ட் வரைக்கும் தூக்கும். நம் சென்னையிலேயே பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது. எழுபது எண்பது வருஷம் உலகமெல்லாம் இதே இரண்டு எடைக்கட்டியும் இரண்டு ஸ்பிரிங்கும்தான். பாயிண்ட் தேய, ஸ்பிரிங் தளர, தண்டு ஆட, எங்களுக்கும் சோறு கிடைத்தது. 15 தௌ கேப் வைக்க ஃபீலர் கேஜ் இல்லாமல் தபால் கார்டு மடிப்பை வைத்து ஓட்டிய காலமெல்லாம் உண்டு.

தனியாகக் கடை போட்டது 1991ல், சிங்கப்பெருமாள் கோவிலில், ஒரகடம் போகிற ரோட்டில். கொஞ்ச வருஷத்தில் எங்களைச் சுற்றி மூணு பக்கமும் கார் கம்பெனி வந்துவிட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு, மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் நிசான். ஃபோர்டில் 2022ல் கார் ஓட்டம் நின்றது தனிக்கதை. 2000க்கு அப்புறம் எம்.பி.எஃப்.ஐ. பரவலாகி, டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் போச்சு. டைமிங் ஒரு டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தது. டப்பாவைப் பேச வைக்க ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் தப்பு என்ன என்று சொல்லும், கர்வைத் தொட விடாது. காக்கி முதுகு போய் பிளாஸ்டிக் முதுகு வந்தது என்று நான் சொல்லுவேன், பையன்கள் சிரிப்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஒரு சார் நாலு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரிட்டையர் ஆனவர். அப்பா வாங்கின வண்டியாம். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. நெதர்லாந்தில் 123 இக்னிஷன் என்கிற கம்பெனி செய்கிற டிஸ்ட்ரிபியூட்டர். வெளியிலிருந்து பார்த்தால் பழைய லூகாஸ் மாதிரியே உடம்பு, மூடி, ரோட்டார். உள்ளே எடையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, பாயிண்டும் இல்லை. காந்தத்தை உணரும் சென்சார், ஒரு சில்லு. கர்வை நாமே செல்போனில் எண் போட்டு எழுதலாம். அதன் விலை எங்கள் கடையின் சில மாத வாடகை.

"பழைய லுக் கெடக்கூடாது மேஸ்திரி, ராலியில பாக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது" என்றார். வெளியே பழசு, உள்ளே புதுசு. நம் நாட்டில் சாதி இதற்கு நேர்மாறாக ஓடுகிறது.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. ஒண்ணாம் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டார் பார்க்கிற திசையைக் குறித்துவிட்டு, பழசை உருவிப் புதுசை இறக்கணும். கன்டென்சர் தேவையில்லை. காயில் பிரைமரி 1 ஓமுக்குக் கீழே இருக்கக்கூடாது, மீட்டர் வைத்துப் பார்த்தேன், நல்லாவே இருந்தது. சாவியைப் போட்டு, ரோட்டாரைச் சுற்றுகிற திசைக்கு எதிராக விரலால் அழுத்தி பல்லின் ஆட்டத்தை எடுத்துவிட்டு, பாடியை மெல்லத் திருப்ப வேண்டும். உள்ளே ஒரு குட்டி லைட் எரிகிற இடத்தில் நிறுத்தி இறுக்கினால் முடிந்தது. காது வேண்டாம், முதுகும் வேண்டாம்.

எண் எழுதுவதுதான் வேலை. அதற்கு அக்கா பொண்ணை வரச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கர்வையே முதலில் ஏற்றலாம் என்றது. நான் வேண்டாம் என்றேன். அந்த ஸ்பிரிங் 1960களின் பெட்ரோலுக்கு வெட்டினது. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000லேயே போய்விட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது. எரிகிற விதமே வேறு. அதற்குக் கார்பரேட்டர் ஜெட்டையும் ரப்பர் குழாயையும் பார்க்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

800 சுற்றில் 10 டிகிரி, 1,800ல் 20, 3,000ல் 28, அதற்கு மேல் அப்படியே என்று ஆரம்பித்தோம். நான் ஓட்ட, பொண்ணு பக்கத்தில் போனோடு, சார் பின்சீட்டில். வண்டலூர் மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏற்றினேன். பாதியில் மெலிசாக ஒரு கிணுகிணுப்பு. கண்ணாடிச் சீசாவில் குண்டு மணி உருட்டின மாதிரி.

"கேக்குதா கண்ணு?"

"இல்ல மாமா."

"இன்னொரு தடவ ஏத்தறேன். பேசாத, கேளு."

மூணாவது தடவை கேட்டுவிட்டது. முகம் மாறினது தெரிந்தது. "மாமா, 1,800 கிட்டதான?" என்று போனில் அந்த இடத்தை 18 ஆக்கியது. நாலாவது தடவை ஏற்றினபோது சத்தம் இல்லை. ஆறு வருஷம் எனக்கு ஆனதை அந்தப் பொண்ணு அரை நாளில் பிடித்தது. போன் மட்டும் காரணமில்லை. எண்ணும் சத்தமும் ஒரே நேரத்தில் அதன் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் இருந்தது, அதுதான். அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. 1980களின் கடைசியில் கார் செய்வது நின்றது. வண்டி மட்டும் அதே ரோட்டில் ஓடுகிறது.

கடைக்கு வந்ததும் பொண்ணு கர்வை ஒரு கிராஃப் தாளில் போட்டு, வண்டி மாடல், பெட்ரோல், தேதி எழுதிச் சுவரில் ஒட்டியது. பையன்கள் மூணு பேரும் கூடி நின்று பார்த்தார்கள். சாருக்கு அது பிடிக்கவில்லை.

"இது ஓப்பனா இருக்கணுமா மேஸ்திரி? இவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தது. ஆப்ல பூட்டு கூட இருக்கு, ரகசிய நம்பர் போட்டா வேற யாரும் வண்டிய ஸ்டார்ட்டே பண்ண முடியாது."

உண்மைதான், அந்த வசதி உண்டு. திருட்டுக்கு நல்லது. "பூட்டு உங்க இஷ்டம் சார், வண்டி உங்களுது, நம்பர என்கிட்டகூட சொல்லாதீங்க. தாளு கடையோடது" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "உங்க ஆளுங்களுக்கு இரும்பு வேலை கைராசி" என்றார். புகழ்ந்துதான் சொன்னார். கைராசி என்றால் படிக்காமல் வந்தது, தானாக வந்தது, ரத்தத்தில் வந்தது என்று அர்த்தம். சிம்னி விளக்கும் வாத்தியாரின் பென்சிலும் அந்த வார்த்தைக்குள் காணாமல் போகும். "கைராசி இல்ல சார், கணக்கு" என்று சொல்லிவிட்டு பழைய லூகாஸைத் துடைத்து, பாயிண்ட், கன்டென்சரோடு துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன். சில்லு நடுரோட்டில் செத்தால் உப்புத்தாள் போட்டு உயிர் கொடுக்க முடியாது. பாயிண்டுக்குக் கொடுக்கலாம்.

ஒரு மாசம் கழித்துப் போன் பண்ணினார். குரல் கொஞ்சம் கரகரப்பு. குரோம்பேட்டையில் இன்னொரு ஹெரால்டு வைத்திருக்கிறவர் கடைக்கு வந்து, சுவரில் இருந்த தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்த் தன் டிஸ்ட்ரிபியூட்டரில் ஏற்றிவிட்டாராம்.

"என் கர்வ் அவன் வண்டியில ஓடுது மேஸ்திரி."

"ஓடும் சார். ஆனா அவர் வண்டியில ஹெட்ட சீவியிருக்கு, கம்ப்ரஷன் ஜாஸ்தி. அப்படியே விட்டா பிஸ்டன் போயிடும். நடுவுல ரெண்டு டிகிரி குறைக்கணும். ஞாயித்துக்கிழமை எடுத்தாரச் சொல்லுங்க, பொண்ணு இருக்கும்."