கண்ணமங்கலத்திலிருந்து ஒரு திடீர்ப் பயணம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கணியம்பாடியைத் தாண்டினால், ஜவ்வாது மலை நம்மோடு நெருங்கி வரத் தொடங்கும். அந்த மலையடிவாரத்து ஊர்தான் கண்ணமங்கலம். ஆரணிக்குப் போகிறவர்கள் இங்கே பிரிய வேண்டும். நேராகப் போனால் சந்தவாசல், படவேடு, போளூர். போளூரிலிருந்து மலையேறினால் ஜமுனாமரத்தூர். காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனும் உண்டு. சுற்றிலும் நெல், கரும்பு, நம்மவர்கள் மல்லாட்டை என்று சொல்லும் மணிலா.

இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் சுற்றுலாவுக்கு மாதக்கணக்கில் திட்டம் போடுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் கணக்கில் பணம் ஏறியிருக்கும். பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது, “நாளைக்குத் திருப்பதி போய்ட்டு வரலாமா?” என்று யாராவது கேட்பார்கள். விடிந்தால் பத்துப் பேர் தயார். ஆடி வெள்ளி என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயில், வெயில் தாங்காவிட்டால் ஜமுனாமரத்தூர் பீமன் அருவி. வருஷம் முழுக்கச் சேற்றிலும் வெயிலிலும் நிற்கிறவர்களுக்கு இந்த இரண்டு நாள் அவசியம் வேண்டும்.

பயிருக்கு மருந்து கேட்க அலுவலகம் வருகிறவர்கள் இதையும் கேட்பதுண்டு: “சார், திடீர்னு குடும்பத்தோட கிளம்புறோம். எந்தப் பணத்தை எடுக்கலாம்? வழியில ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வருமா?” இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

எந்தப் பணத்தை எடுப்பது?

கணக்கில் ஏறிய நெல் பணம் முழுவதும் நம் பணம் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் நமக்கு வட்டியே இல்லை. தவணை தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவறாமல் கட்டுகிறவர்களுக்கு அது 4 சதவீதமாகக் குறையும். ஆகவே முதலில் கடன் தவணையையும் அடுத்த பட்டத்துக்கான விதை, உரச் செலவையும் ஒதுக்குங்கள். மீதியில் பயணம் போங்கள்.

கைமாற்றாக வட்டிக்கு வாங்கிப் போவது மட்டும் வேண்டாம். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத் தெரியும். 10,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய், வருஷத்துக்கு 6,000 ரூபாய். இரண்டு நாள் பயணத்துக்கு அடுத்த அறுவடை வரை வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

எடுத்த பணத்தை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். திரும்பி வரும் செலவை மட்டும் தனியாகக் கட்டி வீட்டுப் பெண்களின் சுருக்குப் பையில் வையுங்கள். என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது. போனில் பணம் இருக்கிறது என்று வெறுங்கையோடு மலையேற வேண்டாம். ஏற ஏற சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அறை பதிவு செய்கிறேன் என்று முன்பணம் கேட்கும் தெரியாத எண்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

வண்டியைப் பாருங்கள்

அவசரத்தில் கிளம்பும்போது பெரும்பாலும் கிடைத்த வண்டியில் ஏறிவிடுகிறோம். குட்டியானை, பிக்கப், டிராக்டர் டிரெய்லர் எல்லாம் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போவதை ஆடி மாதத்தில் படவேடு சாலையில் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், மலைக் கோயிலுக்குச் சென்றவர்களின் பிக்கப் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தார்கள்.

சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ் சரக்குக்கும், அதோடு வரும் அதன் உரிமையாளருக்கும்தான். பயணிகளாக ஏறியவர்களுக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்போது அந்தத் தொகை வண்டிக்காரர் தலையில் விழும். அவரும் நம்மைப் போல ஒரு விவசாயியாகத்தான் இருப்பார். எங்கிருந்து கொடுப்பார்?

ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுப்பதும் இப்படித்தான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் கம்பெனி மறுக்க வழியிருக்கிறது. மஞ்சள் நம்பர் பிளேட் இருந்தால் மட்டும் போதாது. குட்டியானைக்கும் மஞ்சள் பிளேட்தான். பயணிகளுக்கான டி போர்டு வண்டியா என்று கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. தேதிகள் தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

20 ரூபாயும் 45 பைசாவும்

வண்டியின் இன்சூரன்ஸ் வேறு, ஆளின் இன்சூரன்ஸ் வேறு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் அடைந்தாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய். இது ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் விட்டுப்போகும். கோடை லீவுக்குக் கணக்கைத் துடைத்து எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா பெயரிலும் சேருங்கள்.

ரயிலில் போவதானால், டிக்கெட் கண்டிப்பாக வாங்குங்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டாக இருந்தாலும், ரயில் விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரயில்வே சட்டப்படி 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் முன்பதிவு செய்கிறவர்கள் 45 பைசா கூடுதலாகக் கொடுத்தால் 10 லட்சம் வரை தனிக் காப்பீடும் கிடைக்கும். பிறகு போனுக்கு வரும் இணைப்பில் வாரிசு பெயரைப் பதிய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தட்கல் டிக்கெட் உறுதியான பின் ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

சாலை விபத்து நடந்தால் 108-க்கு அழையுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை.

வயலையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

அறுத்துக் காய வைத்த கதிர் களத்தில் கிடக்கும்போது கிளம்புகிறீர்களா? பயிர்க் காப்பீடு செய்திருந்தால், அறுத்த 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்த சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஊரில் ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் சொன்னால், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் 14447-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம்.

இன்சூரன்ஸ் ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகலை ஒரு கவரில் போட்டு, பயணம் வராத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இத்தனைக்கும் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும்.