வரவிருக்கும் பிள்ளைகள்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா சர்வகலாசாலை அமைந்திருக்கும் டஸ்கலூசா நகரில் நான் ஆராய்ச்சி மாணவனாக வசித்த காலத்தில், பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமையை அவ்வூர் ஜனங்கள் ஒரு பண்டிகையாகவே பாவித்தார்கள். பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் பிள்ளைகள், எந்தக் கலாசாலைக்காகக் கால்பந்து ஆடப்போகிறோம் என்பதைக் கையொப்பமிட்டு உறுதி செய்யும் தினம் அது. கால்பந்து என்றால் நாம் அறிந்த ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி, எதிரே மலைபோல் நிற்பவர்களைப் பிளந்துகொண்டு ஓடும் ஆட்டம். காலை ஏழு மணி தொடங்கி, பயிற்சியாளரின் காரியாலயத்து ஃபாக்ஸ் இயந்திரத்தில், பிள்ளையின் கையெழுத்தையும் அதனடியில் பெற்றோரின் கையெழுத்தையும் தாங்கிய தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். பதினெட்டு வயதில் இடும் அந்தக் கையெழுத்துக்காக ஒரு மாநிலமே காத்திருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

2008-ஆம் ஆண்டில் அந்த ஆவலுக்குத் தக்க காரணமும் இருந்தது. நிக் சேபன் என்னும் பிரசித்தி பெற்ற பயிற்சியாளர் முந்திய ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்தார். அவ்வாண்டு வசந்தகால ஒத்திகை ஆட்டத்தைக் காண்பதற்கே 92,138 பேர் கூடி மைதானத்தை நிரப்பினார்கள். ஆயினும் அந்தப் பருவம் ஏழு வெற்றியும் ஆறு தோல்வியுமாக முடிந்தது; அதிலும் லூயிசியானா-மன்றோ என்ற எளிய அணியிடம், சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோற்றது ஊராரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இந்நிலையில்தான் புதுப் பிள்ளைகளின் பட்டியல் வெளிவந்தது. ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் வழங்கித் தரம் பிரிக்கும் ரைவல்ஸ் நிறுவனம், அந்தத் தொகுதியைத் தேசத்திலேயே முதலாவதாக வைத்தது.

அதில் எல்லோருடைய வாயிலும் புரண்ட பெயர், வளைகுடாக் கரைக்கு அருகிலுள்ள ஃபோலி என்னும் சிற்றூரின் ஜூலியோ ஜோன்ஸ். மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரிலிருந்து வந்த மார்க் இங்கிரமைப் பற்றி அவ்வளவு ஆரவாரம் இருக்கவில்லை. ஆனால் 2009 அக்டோபரில் தென் கரோலினாவுக்கு எதிராக, எல்லோரும் களைத்திருந்த கடைசிக் கட்டத்தில், எதிரெல்லைக்கு மீதமிருந்த 68 கஜத்தையும் அவரே மீண்டும் மீண்டும் பந்தைத் தாங்கி ஓடிக் கடந்து, அன்றைய இரவில் மொத்தம் 246 கஜம் ஓடி முடித்தபோது, நட்சத்திரம் எண்ணியவர்கள் இந்தப் பிள்ளையின் கால்களைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றிற்று. அவ்வாண்டின் தலைசிறந்த கலாசாலை ஆட்டக்காரருக்கு உரிய ஹைஸ்மன் பரிசு அவருக்கே கிடைத்தது. அச்சர்வகலாசாலையின் நெடிய சரித்திரத்தில் அதுவே முதல் ஹைஸ்மன். அதே தொகுதியில் வந்த பேரட் ஜோன்ஸோ, பின்னர் தடுப்பு வரிசையில் மூன்று வெவ்வேறு ஸ்தானங்களில் நின்று மூன்று தேசியப் பட்டங்களில் பங்கு கொண்டதோடு, கணக்கியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். என் அபிமானம் அவரிடமே அதிகம்.

என் அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். பத்திரிகையில் வந்த அந்தப் பட்டியலைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். காயத்தினாலோ, படிப்புத் தகுதி போதாமலோ, வேறு கலாசாலைக்குப் பெயர்ந்தோ ஒரு பிள்ளை விலகினால், பென்சிலால் அப்பெயரின் அருகே ஒரு சிறு கோடு இடுவார், அடித்துவிட மாட்டார். வெற்றி மேல் வெற்றியாக வந்த நாட்களிலும் அந்தக் கோடுகள் பெருகிக்கொண்டுதான் இருந்தன.

அவற்றைப் பார்த்த பிறகே, முன்பு நான் ஆழ்ந்து யோசியாத ஒரு விஷயம் என் மனத்தைப் பற்றிக்கொண்டது. அக்காலத்து விதிப்படி ஓர் அணியில் 85 பேருக்கு மேல் உபகாரச் சம்பளம் அளிக்கக் கூடாது என்று இருந்தது. ஓராண்டில் புதிதாகச் சேர்க்கத்தக்கவர் 25 பேராகவே இருந்தனர். ஆனால் 2008-ஆம் ஆண்டின் பட்டியலிலோ 30-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. சிலர் தகுதி பெறாமல் நின்றுபோவார்கள் என்ற கணக்கில் இருக்கும் இடத்தைவிட அதிகமாகக் கையொப்பம் வாங்கும் வழக்கம் அப்பிரதேசத்துக் கலாசாலைகள் பலவற்றிலும் இருந்தது. கணக்கு பொய்த்து எல்லோருமே வந்து சேர்ந்துவிட்டால், யாரோ ஒருவர் இடம் விட்டாக வேண்டும். அந்நாளில் உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாக இருந்தபடியால், இடம் விடும்படி நேர்கிறவனுக்குப் புகலிடமும் குறைவு. கையெழுத்திட்ட அந்தத் தாளில் பிள்ளை தன்னைக் கட்டிக்கொண்ட அளவுக்குக் கலாசாலை தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை. இதை நான் அநியாயம் என்றே கருதினேன், இன்றும் கருதுகிறேன். "என் வகுப்பில் நாற்காலி இல்லாத பிள்ளையின் பெயரை நான் ஒருநாளும் பதிவேட்டில் எழுதியதில்லை" என்றார் அந்த அம்மையார்.

தென்கிழக்குக் கலாசாலைகளின் கூட்டமைப்பு 2009-இல் ஓர் அணி ஓராண்டில் கையொப்பம் வாங்கக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையை 28 என்று வரையறுத்து, 2011-இல் அதை 25 ஆகவும் குறைத்தது. 2010 ஜனவரியில் பாசடீனா நகரில் டெக்ஸாஸ் அணியை 37-21 என்று வென்று எங்கள் பிள்ளைகள் தேசியப் பட்டம் சூடிய இரவில் எனக்கு உண்டான ஆனந்தத்திற்கு, இந்தச் சிறிய விதிமாற்றத்தைப் படித்தபோது உண்டான சந்தோஷம் சிறிதும் குறைந்ததன்று.