சுழியோடிக்கு ஏற்ற உடை

முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னுந் தொடர்களிலே குளித்தல் என்பது நீராடுதலன்று. மூழ்குதலே அதன் பொருள். தமிழர் கடலுள் மூழ்கக் கற்றது நேற்றன்று என்பதற்கு இச்சொல்லே சான்று. மன்னார்க் குடாவில் அரிப்புக் கரையை அடுத்த முத்துப்பார்களிலே கல்லின் பாரத்தாற் கீழிறங்கிக் கயிற்றின் துணையால் மேலேறிய அம்மாந்தர்க்கு அரைத்துணியே உடை. ஒரு மூச்சளவே அவர் நீருள் நின்றமையால் அது போதியதாயிற்று.

காலம் மாறியது. 1943 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே கூஸ்தோ, கக்னான் என்னும் இருவர் முதுகிற் சுமந்து செல்லும் மூச்சுக்கருவியை ஆக்கினர். 1950களில் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக் கடலுள் இறங்கினர்; திருகோணமலையிற் சுவாமிமலையின் அடியிலே பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகள் நீருட் கிடத்தல் அக்காலத்தே உலகிற்குத் தெரிந்தது. இன்று முல்லைத்தீவுக் கரையில் இளைஞர் அவ்வகைக் கருவியைச் சுமந்து கடலட்டையும் சங்கும் எடுக்கின்றனர். ஒரு மூச்சு நெடுநேரமாக நீண்டது. உடையைப் பற்றிய வினாவும் உடனெழுந்தது.

நோர்வேயில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டுச் சுழியோடிகள் கழித்த தடித்த உடைகளை நம் கரைக்கு அனுப்பலாமோ எனக் கேட்டெழுதினார். அதனைக் கேட்ட நண்பரொருவரோ, "வெப்பக்கடலில் இறங்குவார்க்கு உடை எதற்கு?" என்றார். யாம் தமிழாசிரியரேயன்றிச் சுழியோடியல்லேம். ஆயினும் துறையறிந்தாரிடம் கேட்டும் நூல்களிற் கற்றும் தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

நண்பர்க்கு விடை முதலிற் கூறுவாம். நம் உடலின் வெப்பம் 37 பாகை செல்சியசு. நம் கடல் 28 பாகையாயினும் உடலினுங் குளிர்ந்ததே. நீரோ காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவரும். வாடைக்காலத்தும், ஆழத்திலுள்ள குளிர்நீர்ப் படையிலும் இவ்விழப்பு மிகும். முதன்முறை மூழ்குங்கால் தெரியாத குளிர், மூன்றாம் முறையில் விரலை விறைக்கச் செய்யும், அறிவையும் மந்தமாக்கும். மேலேறும் வேளையில் உடல் குளிர்ந்திருப்பின், குருதியிலும் தசையிலும் கரைந்த நைதரசன் வெளியேறுதல் தாமதப்படும். அது குமிழியாக மாறின் மூட்டுவலி தொடங்கிக் கால் வழங்காமை வரை கேடு விளையும்.

அங்ஙனமாயின் தடித்த உடையே நன்றெனலாமோ? அதுவும் அன்று. 1952 அளவில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் இயூ பிராட்னர் வகுத்த ஈரவுடை நியோப்பிரீன் என்னும் இறப்பர் வகையால் ஆயது. அதனுள் அடைபட்ட நுண்குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. உடைக்கும் உடலுக்கும் இடையே புகும் சிறிதளவு நீர் உடற்சூட்டால் வெதும்பி நிற்கும். உடை தொளதொளத்திருப்பின் அந்நீர் ஓயாது மாறி வெப்பத்தைக் கொண்டு செல்லும். எனவே பிறர் அளவிற்குத் தைத்த 7 மில்லிமீற்றர் உடையினும் தன்னளவிற்கு அமைந்த 3 மில்லிமீற்றர் உடை மேலானது. அன்றியும் தடித்த உடை மிதக்கும். அதனை அமிழ்த்த ஈயக்கட்டி மிகுதியாக வேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காகக் குமிழிகள் சுருங்கும், மிதப்புக் குறையும், கட்டிய ஈயமோ குறையாது.

நம் கடற்கு 3 மில்லிமீற்றர் உடை பெரும்பாலும் போதும். நெடுநேரந் தொழில் செய்வார்க்கு 5 மில்லிமீற்றர் தகும். 10 பாகைக்குக் குறைந்த நோர்வே நீருக்கு நீர்புகா உலருடையும், உள்ளே கம்பளி போன்ற ஆடையும், தலையுறையும் கையுறையும் வேண்டும். காற்று விரியுங்காற் குளிர்தலின், மூச்சுக்கருவியும் உறையாத வகையினதாதல் வேண்டும். அவ்வுலருடையைப் பயிற்சியின்றி அணிவார்க்கு உள்ளிருக்கும் காற்றுக் காற்பக்கம் ஏறித் தலைகீழாக விரைந்து மேலெழும் இடருண்டு. அங்கே உயிர்காப்பது இங்கே உயிர்குடிக்கவுங் கூடும்.

ஆதலின் எம் மாணவர்க்கு யாம் எழுதிய மறுமொழி இது: உடையை அனுப்புமுன் கடலின் வெப்பத்தையும், அணிவான் உடலளவையும், நீருள் நிற்கும் நேரத்தையும் கேட்டறிக. உடைக்கு முன்னே சிலிண்டரிற் காற்று எவ்வளவு எஞ்சியதெனக் காட்டும் அமுக்கமானியையும், ஆழமானியையும், நீரினுட் பார்க்கத்தகும் கைக்கடிகாரத்தையும் அனுப்புக. அவற்றினும் முன்னே, நிமிடத்திற்கு 9 மீற்றரின் மிகாது மேலேறுதலையும், 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தலையும் தமிழிற் கற்பிக்கும் பயிற்சிக்குப் பொருளுதவுக.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பிறந்த மண்ணுக்கு ஈய விழைகின்றனர். அவர்தம் அன்பு பெரிது. அவ்வன்பு பெறுவானின் கடலை அறிந்து வருமாயின், காலையிற் படகேறிய இளைஞன் மாலையில் தன் காலால் நடந்து மனைபுகுவான். கல்லூரியன்னை தன் மக்களிடம் வேண்டும் காணிக்கை இதனினும் வேறில்லை.