கத்தி தீட்டிய கல்

நானுஓயாப் புகையிரத நிலையத்தில் இறங்கி நாற்புறமும் நோக்குவோர் கண்ணுக்கு ஒரு பனைமரமேனும் தென்படாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் இருக்கிறோம். தேயிலை உண்டு, சவுக்கு உண்டு, மூடுபனி வேண்டிய மட்டும் உண்டு. என் மாணவருட் பலர் பனையை அறிந்தது யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனங்கட்டிக் குட்டான் வாயிலாகத்தான். இத்தகைய ஊரில், எங்கள் வீட்டுச் சுவாமி படத்தின் கீழே மூன்று தலைமுறையாக ஒரு பனை இருந்துவந்தது. அது கல்லாகிவிட்ட பனை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள்.

உள்ளங்கை அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள கல் அது. பழுப்பு நிறம், மரச் சிராய் போன்ற பக்கங்கள், எடுத்தால் கை தாழும் கனம். 1920களில் என் பாட்டனார் பன்னிரண்டு வயதுச் சிறுவராகத் தம் தந்தையாருடன், கங்காணி ஒருவரின் பின்னால், தலைமன்னார் வழியாக இந்த மலைக்கு வந்தார். திண்டிவனத்துக்கு அப்பால் ஏதோ ஓர் ஊர். அவ்வூரில் வீட்டு வாசலில் நின்ற பனை அம்மன் சினத்தால் கல்லாயிற்று என்பதும், அதில் ஒரு துண்டையே எடுத்துவந்தார்கள் என்பதும் குடும்பத்துக் கதை. கதை எதுவாயினும், கல்லுக்கு வேலை இருந்தது. பாட்டனார் நாற்பது ஆண்டுகள் தம் கவ்வாத்துக் கத்தியை அதிலேதான் தீட்டினார். அதனால் அதன் ஒரு முகம் மட்டும் கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், எங்களைப் போன்ற குடும்பங்கள் தாம் எந்த நாட்டவர், எந்த ஊரவர் என்று காட்டப் பத்திரம் தேடி அலைந்தன. பாட்டனாரிடம் பத்திரம் இல்லை. ஊரின் பெயரைக்கூட அவர் ஒருவிதமாகவும் அவருடைய தங்கையார் வேறுவிதமாகவும் சொன்னார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அந்த வழக்கு ஒருவாறு தீர்ந்தபோது பாட்டனார் இல்லை. "நமக்கு ஓர் ஊர் இருந்தது என்பதற்கு இந்தக் கல்தானப்பா சாட்சி" என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார்.

நான் பட்டம் பெற்றுக் கல்லூரியில் உயிரியல் கற்பிக்கத் தொடங்கியதும் அந்தச் சாட்சியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அலுமாரியில் வைத்து, 'கல்லான பனை' என்று சீட்டும் எழுதி ஒட்டினேன். ஆண்டுதோறும் உயர்தர வகுப்புக்கு உயிர்ச்சுவடு பற்றிச் சொல்லும் நாளில் அது மேசைக்கு வரும். எத்தனையோ வகுப்புகள் அதைத் தொட்டுப் பார்த்துச் சென்றன. ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

ஓர் ஆடி மாதம். கூரை ஒழுக்கில் மேசை நனைந்து, கல்லும் நனைந்தது. முதல் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கைவில்லையை வைத்து அதன் வழவழத்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சேர், பனைத் தண்டை வெட்டினால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்று போன கிழமை சொல்லித் தந்தீர்கள். இதில் புள்ளி இல்லையே. நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடுகள் அல்லவா ஓடுகின்றன?"

வில்லையை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி.

இதன் பொருளைச் சற்று விளக்கவேண்டும். மாவும் வேம்பும் பருப்பது போலப் பனை பருப்பதில்லை. அம்மரங்களில் பட்டைக்கு உள்ளே மாறிழையம் என்னும் மெல்லிய படை ஒன்று இருந்துகொண்டு, உட்புறம் புதிய மரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். வளையங்கள் தோன்றுவது இதனால். நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் வெளிநோக்கி ஓடும் கதிர்களும் இத்தகைய மரங்களுக்கே உரியவை. பனைக் குடும்பத்துக்கு மாறிழையம் இல்லை. ஆகவே வளையம் இல்லை, கதிரும் இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் கலன்கட்டுகள் தனித்தனி நார்க்கம்பிகளாகத் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும்; விளிம்பில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் இருக்கும். பனையை அறுத்தவர்களுக்கு இது புதிதன்று. வெளிப்புறத்தைக் கருமையான வைரம் என்றும், உட்புறத்தைச் சோறு என்றும் அவர்கள் சொல்வது இதைத்தான். கூரைக்குப் போட்ட பனஞ்சட்டத்தின் அறுத்த முனையைப் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரியும். பக்கவாட்டில் அதே புள்ளிகள் நீண்ட கருங்கோடுகளாக ஓடும்.

தண்டு கல்லானாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை. விழுந்த மரம் காற்றுப் புகாதபடி சேற்றிலோ எரிமலைச் சாம்பலிலோ விரைவில் புதையுண்டால், மக்கிப்போகுமுன் நிலத்தடி நீர் அதனுள் ஊறுகிறது. அந்நீரில் கரைந்துள்ள சிலிக்கா என்னும் மணற்சத்து, கலத்தின் சுவர்களில் படிந்து, வெற்றிடங்களை நிரப்பி, உள்ளமைப்பைக் குலைக்காமலே மரத்தைக் கல்லாக்குகிறது. மரம் மறைந்தாலும் அதன் நுண்ணிய அமைப்பு அச்சுப் பிசகாமல் எஞ்சுகிறது. எனவே கல்லான பனையை அறுத்து மெருகிட்டால் புள்ளிகள் பளிச்செனத் தெரியும். அந்த அழகுக்காகவே அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 1969இல் அதைத் தன் மாநிலக் கல்லாக ஏற்றுக்கொண்டது. என் கல்லிலோ கதிர்கள் இருந்தன. கத்தி தீட்டித் தீட்டிப் பாட்டனார் ஏற்றிய மெருகே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வகுப்பில் தவறு செய்தது ஒரு பக்கம், அதைத் திருத்திக்கொள்ளலாம். எண்பதை எட்டிய தந்தையாரிடம் என்ன சொல்வது? ஒருவேளை மாணவியும் நானும் தவறாகப் பார்த்துவிட்டோமோ என்ற சபலத்தில் புத்தகங்களைப் புரட்டினேன். உண்மையான கற்பனைகளின் வரலாற்றை நான் ஒழுங்காகப் படித்தது அந்தக் கிழமைகளில்தான். (கற்பனை என்றால் கல்லாகிய பனை, மற்றக் கற்பனையில் நான் இருபது ஆண்டுகள் இருந்தாயிற்று.)

பாரதத்தில் அவற்றின் பெருங் களஞ்சியம் தக்கணத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அலை அலையாகப் பரவி உறைந்தது. ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையே நீண்ட அமைதிக் காலங்கள் இருந்தன. அப்போது ஏரிகள் உண்டாயின; கரையில் காடு வளர்ந்தது; அடுத்த அலை வந்து மூடிற்று. அந்த இடைப்படைகளிலிருந்து பனைக் குடும்பத்துத் தண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மத்தியப் பிரதேசத்துக் குகுவா என்னும் இடத்தில் அவற்றுக்கென்றே 1983இல் ஒரு தேசியப் பூங்கா அமைத்திருக்கிறார்கள்.

இவற்றை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி. இலக்னோவில் தாவர உயிர்ச்சுவடுகளுக்கென ஒரு நிறுவனம் கண்டவர். அதன் அடிக்கல்லில் உயிர்ச்சுவடுகளையே பதித்திருந்தார்கள். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நேரு அதை நாட்டினார். ஒரு வாரம் கழிவதற்குள் சாஹ்னி காலமானார்.

அவர் காலத்து ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு காய். சிந்துவாரா மாவட்டத்து மோகாவோன் கலான் என்னும் சிற்றூரில் நீப்பா என்னும் பனையினத்தின் காய் கல்லாய்க் கிடைத்தது. நீப்பா இன்றும் வாழ்கிறது. ஆனால் உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகச் சேற்றில்தான் வாழும். நம் நாட்டில் பெந்தோட்டைக் கழிமுகத்துக்குப் போனால் அதைக் காணலாம். அப்படியானால் நடு இந்தியாவில், இன்று கடலுக்குப் பல நூறு மைல் உள்ளே, அதற்கு என்ன வேலை? அக்காலத்தில் கடலின் ஒரு கை அவ்வளவு தூரம் உள்ளே நீண்டிருக்கவேண்டும் என்று சாஹ்னி முடிவு செய்தார். ஒரு காயைக் கொண்டு ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்துவிட்டார்! அதே நீப்பாக் காய் இலண்டனுக்குக் கிழக்கே ஷெப்பித் தீவின் களிமண்ணிலும், ஏறத்தாழ 5 கோடி ஆண்டு வயதினதாய்க் கிடைக்கிறது.

பனை என்பதற்கும் பனி என்பதற்கும் ஓர் எழுத்தே வேறுபாடு, இரண்டுக்கும் ஒத்துவராது. எங்கள் மாவட்டத்தில் தை மாசி மாதங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதுண்டு. தேயிலை மறுபடி துளிர்க்கும். பனைக்கோ ஒரே குருத்து. அது கருகினால் மரமே போயிற்று. குளிரைத் தாங்கும் இனம் சில உண்டெனினும் குடும்பத்தின் பெரும்பகுதி வெப்பநாட்டைச் சேர்ந்தது. ஆதலால் பனையின் சுவடு கிடைக்கும் இடமெல்லாம் முன்னொரு காலத்தில் கடுங்குளிர் இல்லாத இடம் எனக் கொள்ளலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், இன்று மாதக்கணக்கில் வெண்பனி மூடும் நிலத்தில், 5 கோடி ஆண்டுக்கு முந்திய பனையோலைகள் முழுசாகக் கிடைக்கின்றன. தென்துருவக் கண்டத்தின் கரையோரக் கடலடிச் சேற்றிலும் பனையினத்தின் மகரந்தம் இருந்ததாக 2012இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள்.

எங்கள் மலையில் தோண்டினால் கிடைக்குமா என்று மாணவர் கேட்பர். கிடைக்காது. பனைக் குடும்பம் தோன்றி ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளே ஆகியிருக்கலாம். இம்மலையின் பாறைகளோ நிலத்தின் அடியாழத்தில் வெந்து இன்றைய உருவம் பெற்றே ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளாகின்றன. அப்போது உலகில் மரம் என்று ஒன்றே இல்லை. புத்தளத்துக்கு அருகே தப்போவையில் தாவரச் சுவடுகள் உண்டு. அவை யுராசிக் காலத்தவை, பனைக்கு முந்தியவை.

தென்னார்க்காட்டுப் பகுதியிலும் கல்லான பனைகள் கிடைத்திருக்கின்றன. ஓர் இனத்துக்கு ஆர்க்காட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே பாட்டனாரின் கதை நடக்கக்கூடாத கதையன்று. ஆயினும், கிடைக்கக்கூடும் என்பது வேறு, என் கையிலுள்ள கல் வேறு.

மறு ஆண்டு திருவண்ணாமலைக்கு யாத்திரை போனபோது, திருவக்கரைக்கும் போனேன். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் அது. ஊரை அடுத்துக் கல்மரப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுடைய சுமார் 200 கல்மரங்கள் செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன. 1781இலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். கிளையுமில்லை, வேருமில்லை, பெருவெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். இப்போது அவை பாதுகாக்கப்பட்ட சொத்து. ஒரு சில்லையும் எடுக்கக்கூடாது. குனிந்து பார்த்தேன். அதே பழுப்பு, அதே சிராய், அதே கதிர்கள். நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் உயிருள்ள பனைகள் வரிசையாக நின்றன. அந்த மண்ணில் வளர்ந்த சிறுவன் ஒருவன் மரம் என்றால் பனை என்றே நினைத்திருப்பான்.

திரும்பி வந்து தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பனை அன்று என்ற இடத்தில் என் குரல் சற்றே தாழ்ந்தது. அவர் கல்லை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பனை இல்லாவிட்டால் போகட்டும். அந்தப் பக்கத்துக் கல்தானா?"

"இதே மாதிரிக் கல்லைத்தான் அங்கே பார்த்தேன் அப்பா. அங்கிருந்து வந்திருக்கலாம். அதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது."

"அவ்வளவு போதும்" என்றார்.

பள்ளி திறந்ததும் பழைய சீட்டைக் கிழித்தேன். புதியதை அந்த மாணவியையே எழுதச் சொன்னேன். 'கல்லான மரம். பனை அன்று. தென்னார்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கவ்வாத்துக் கத்தி தீட்டப் பயன்பட்டது' என்று எழுதினாள். கல்லூரிக் கண்காட்சியன்று தந்தையாரை அழைத்துவந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தரம் படித்தார்.

"எல்லாம் சரி. தீட்டியவர் பெயர் எங்கே?"

மாணவி பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.