பிரெஞ்சு அடுப்புக்கு லண்டன் இங்கிலீசு

யூலையில் பள்ளிக்கூடங்கள் பூட்டியதும் பாரிசிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ் வீடுகள் கைமாறும். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்கோ கனடாவுக்கோ கிளம்புவார்கள். அந்த இடைவெளியில் லண்டன் சொந்தங்கள் வந்து தங்குவார்கள். ஈஃபில் கோபுரம் பார்ப்பார்கள், லா சப்பலில் புடைவை வாங்குவார்கள். திறப்பைக் கையில் கொடுத்தால் காரியம் முடிந்தது என்றுதான் நினைப்போம். ஆனால் நாங்கள் விமானம் ஏறுவதற்குள் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும்: "மச்சான், இதில எந்தக் குமிழைத் திருப்பிறது?"

அதனால் எங்கள் குசினிச் சுவரில் ஒரு தாள் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. வீட்டிலுள்ள மின்சாமான்களின் பிரெஞ்சுச் சொற்களுக்கு இங்கிலீசில் விளக்கம். தமிழில் எழுதினால் லண்டன் மச்சாள் வாசிப்பாள். அவளுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. உடுப்பு மெஷினைப் போடுவது அவர்கள்தான். 1994 ஓகஸ்ட் 4ஆம் திகதிய தூபோன் சட்டத்தின்படி, பிரான்சில் விற்கும் பொருளின் பயன்பாட்டுக் குறிப்பும் உத்தரவாதச் சீட்டும் பிரெஞ்சில் இருந்தே ஆகவேண்டும். வேறு மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் மெஷின்களின் முகப்பில் வேறு மொழிக்கு இடமில்லை.

இங்கிலீசு தெரிந்தால் பிரெஞ்சுச் சாமான் பாதி விளங்கும் என்று வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் நம்பினோம். எந்த இங்கிலீசு என்பதுதான் கேள்வி. 'குயிஸினியேர்' என்பது மேலே எரியடுப்பும் கீழே 'அவன்' என்கிற வெதுப்படுப்பும் சேர்ந்த சாமான். லண்டன்காரருக்கு அது 'குக்கர்'. ரொறன்ரோக்காரருக்கு 'ஸ்டவ்'. தாளில் குக்கர் என்று எழுதினால், ஊரிலிருந்து வந்த மாமி விசில் அடிக்கும் பானையைத் தேடுவா. அந்தப் பானைக்கு இங்கே கடைச்சீட்டில் 'ஒட்டோகுயிசர்' என்று பெயர். சனம் சொல்வது 'கொகொத்-மினுத்'. அது ஸெப் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த சாமானின் வணிகப் பெயர், இப்போது எல்லாப் பிரெஷர் குக்கருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சென்னைக்காரரின் இங்கிலீசு இன்னொரு திசையில் போகும். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் மெஷினுக்கு அவர்களிடம் பெயர் 'சிம்னி'. பிரெஞ்சில் அது 'ஓத்'. 'ஷெமினே' என்று பாரிஸ் வாடகை விளம்பரத்தில் கண்டால் அது கணப்பு. பழைய வீடுகளின் வரவேற்பறையில் சலவைக்கல் பதித்து நிற்கும். தாளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓத்திலும் இரண்டு வகை உண்டு: புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுவது ஒன்று; கரி வடிகட்டியில் மணத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைத் திரும்பக் குசினிக்குள்ளேயே விடுவது மற்றது. மாடிக் கட்டடங்களில் எல்லா வீட்டுக்கும் பொதுவான காற்றோட்டக் குழாய் இருக்கும். மோட்டார் உள்ள ஓத்தை அதில் பொருத்தினால் உங்கள் மீன்குழம்பு பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய்விடும். அதனால் பல இடங்களில் அதற்கு அனுமதி இல்லை, எங்களில் பெரும்பாலானோருக்கு இரண்டாவது வகைதான். கடுகும் வெங்காயமும் தாளிக்கிற வீட்டில் அந்த வடிகட்டி சீக்கிரம் எண்ணெயில் ஊறிவிடும். அதை எப்போது மாற்றுவது என்பதையும் தாளில் எழுதவேண்டும்.

'அவன்' அடுப்புக்கு வருவோம். பிரெஞ்சில் அதன் பெயரை எழுதினால் இங்கிலீசின் நாலு மாதிரியே இருக்கும், வாசிப்பது 'ஃபூர்'. எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம், குமிழில் உள்ள எண் அப்படி விடாது. பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளிலும் பழைய அவன்களிலும் சூட்டைத் 'தெர்மோஸ்தா' எண்ணால் சொல்வார்கள். எண்ணை 30ஆல் பெருக்கினால் பாகை வரும்: 6 என்றால் 180, 7 என்றால் 210. இங்கிலாந்தில் 'காஸ் மார்க்' என்ற இன்னொரு எண்வரிசை இருக்கிறது. அதில் 180 பாகைக்கு எண் 4. லண்டனிலிருந்து கொண்டுவந்த பட்டர் கேக் குறிப்பில் 4 என்று இருக்க, இங்குள்ள குமிழை 4இல் வைத்தால் கிடைப்பது 120 பாகைதான். சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறந்தால் மாவு மாவாகவே இருக்கும், மேலே மெல்லிய தோல் மட்டும் படிந்திருக்கும். சீனியையும் முட்டையையும் எத்தனை முறை சரிபார்த்தாலும் காரணம் பிடிபடாது. எங்கள் தாளில் அவனுக்குப் பெயரே இல்லை. "கேக்குக்கு 6இல் வை" என்று மட்டும் இருக்கிறது.

உடுப்பு மெஷின், 'லாவ்-லேன்ஜ்', இதைவிடச் சிக்கலானது. 'எஸோராஜ்' என்றால் சுழற்றிப் பிழிவது, 'விதான்ஜ்' என்றால் தண்ணீரை வெளியேற்றுவது. இவை இரண்டுக்கும் நேரான இங்கிலீசு உண்டு. 'அரே கூவ் ப்ளேன்' என்றொரு பொத்தானும் இருக்கிறது. கடைசி அலசல் முடிந்ததும் தண்ணீரை விடாமல், உடுப்பை அதற்குள்ளேயே ஊறவிட்டு மெஷின் நின்றுவிடும். மெல்லிய துணி கசங்காமல் இருக்கவும், இரவில் பிழிகிற சத்தம் அயலவரை எழுப்பாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. லண்டன் மெஷினில் இதற்கு 'ரின்ஸ் ஹோல்ட்' என்று பெயர். அந்தப் பெயரைத் தாளில் எழுதிவைத்தும் தொலைபேசி வந்தது: "மாமா, மெஷின் பழுதாப் போச்சு. கதவு திறக்குதில்லை, உள்ளுக்க தண்ணி நிக்குது." மெஷின் பழுதாகவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "தண்ணீரோடு நின்றால் பயப்படாதே. விதான்ஜை அழுத்து. தண்ணீர் போனபின் திற."

சில சொற்களுக்கு லண்டனில் நல்ல துணை கிடைக்கும். 'ஏர் க்ரஸ்' என்பது மின்சாரம் மலிவாக இருக்கும் நேரம். அந்த ஒப்பந்தம் எடுத்த வீட்டுக்கு ஒரு நாளில் 8 மணித்தியாலம் கிடைக்கும். இங்கிலாந்தின் 'இகானமி 7' திட்டத்தில் 7 மணித்தியாலம் என்பதால் மச்சாளுக்கு ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல் என்பதையும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. லண்டன் தண்ணீரும் அப்படித்தான். கோப்பை கழுவும் மெஷினுக்குப் போடுகிற உப்பு வேறு, கறிக்குப் போடுகிற உப்பு வேறு என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன்.

ஆனால் மொழிபெயர்க்கவே கூடாத சொற்களும் இருக்கின்றன. மெஷின் குழாய் கழன்று கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படிந்தால் அதற்கு இங்கே பெயர் 'தெகா தெ ஸோ'. வாடகை வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்புறுதியில் இதற்குத் தனிப் பகுதி உண்டு. அறிந்ததிலிருந்து 5 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். கீழ்வீட்டுக்காரரோடு சேர்ந்து நிரப்பும் படிவத்துக்குக் 'கோன்ஸ்தா' என்று பெயர். இதை வெள்ளம் என்று இங்கிலீசில் எழுதிவைத்தால், விருந்தாளி காப்புறுதிக்காரரிடம் வெள்ளம் என்றே சொல்வார். அவர் ஆறு பெருகியதா என்று கேட்பார். உத்தரவாதமும் அப்படியே. கடைக்காரர் காசுக்கு விற்கும் நீட்டிப்பு ஒன்று. புதுச் சாமான் எதற்கும் சட்டமே இலவசமாகக் கொடுக்கும் 2 ஆண்டு 'கராந்தி லெகால்' வேறு. இரண்டையும் 'வாரண்டி' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால், சட்டப்படி கிடைக்கவேண்டியதைக் கேட்காமல் பழுதுபார்ப்புக்குக் கைக்காசு கொடுத்தவர்கள் எங்கள் சனத்தில் நிறையப் பேர்.

பெயருக்குப் பெயர் வைப்பதால் விருந்தாளிக்குப் பெரிய உதவி இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. அவருக்கு வேண்டியது எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்ற விபரம். காசும் சட்டமும் தொடர்புபடுகிற இடத்தில் பிரெஞ்சுச் சொல்லே வேண்டும், ஏனென்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது மட்டுமே தெரியும். இந்தக் கோடையில் நீங்களும் யாருக்காவது திறப்பைக் கொடுப்பதாக இருந்தால், மெஷினில் உள்ள சொல்லை அப்படியே எழுதுங்கள். அதன் பக்கத்தில் அது செய்கிற வேலையை, வருகிறவருக்கு எந்த மொழி வாசிக்க வருமோ அந்த மொழியில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், தண்ணீரைப் பூட்டும் குழாய் எங்கே இருக்கிறது என்பதையும் காப்புறுதி இலக்கத்தையும் போடுங்கள்.