ஏர் பிடித்த வண்டி

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற பஸ்ஸில் போன வாரம் முன்சீட்டு கிடைத்தது. ஒரு முடக்கில் டிரைவர் இடப்பக்கம் ஒடிக்க, என் வலது கால் தானாக எழுந்து எதிரே இருந்த தகரத்தை ஓங்கி அழுத்தியது. பக்கத்தில் இருந்தவர் தன் பையை நகர்த்திக்கொண்டு, "என்னங்க, கால் மரத்துப்போச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். டிராக்டர் ஓட்டுகிறவன் கால் அப்படித்தான் என்று விளக்கப் போனால் திருவாரூர் வந்துவிடும்.

விளக்கம் இதுதான். டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு. இரண்டுமே வலது காலுக்குச் சொந்தம், ஒட்டி ஒட்டி இருக்கும். இடது மிதி பின்னாலுள்ள இடது பெரிய சக்கரத்தைப் பிடிக்கும், வலது மிதி வலது சக்கரத்தை. வரப்போரம் போய்த் திரும்பும்போது ஸ்டீயரிங்கை மட்டும் ஒடித்தால் வண்டி அரை வயலைச் சுற்றிக்கொண்டு வரும். கூடவே இடது மிதியை அழுத்தினால் இடது சக்கரம் நட்ட கழியாக நின்றுவிடும், வலது சக்கரம் அதைச் சுற்றி ஓடிவரும். நின்ற இடத்திலேயே வண்டி முகம் திருப்பிக்கொள்ளும். இது புத்திக்குத் தெரிய ஒரு நாள் போதும். காலுக்குத் தெரிய எனக்கு ஒரு போகம் ஆனது.

அப்பாவுக்கு இந்த வேலையை மாடுகள் செய்தன. நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் ஒரு ஜோடி உம்பளாச்சேரி நின்றது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, குளம்புக்கு மேலே வெள்ளை. கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கிற கன்று, ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். களிமண் சேற்றில் கால் ஊன்றி இழுக்க அதை விட்டால் வேறு மாடு கிடையாது என்பது அப்பாவின் கட்சி. வரப்பு நெருங்கியதும் நாக்கால் ஒரு 'டக்' வைப்பார். அவ்வளவுதான். இடத்தை மாடு நிற்கும், வலத்தை மாடு அதைச் சுற்றி வரும். டிராக்டரின் இரண்டு மிதிகளை எனக்கு முதன்முதலில் காட்டியபோது மனசில் வந்தது அந்த ஜோடிதான். இது இடத்தை, இது வலத்தை. 'டக்' மட்டும்தான் இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது ஒரு சித்திரையில். பாங்கிக் கடன் பாதி, வீட்டு நகை மீதி. 42 குதிரைத்திறன், முன்னால் போக எட்டு கியர், பின்னால் வர இரண்டு. வேகத்தை மாற்றுகிற சின்ன நெம்புகோலின் பக்கத்தில் முயல் படமும் ஆமை படமும் போட்டிருந்தார்கள். முயல் பக்கம் தள்ளினால் ரோட்டு வேகம், ஆமை பக்கம் தள்ளினால் வயல் வேகம். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நாப்பத்திரண்டு குதிரைன்னான். ஆமையும் முயலும்தானடா நிக்குது?"

கொண்டுவந்து விட்ட பையன் மாலை போடுவதற்கு முன்பே எனக்குப் பாடம் எடுத்தான். "ரோட்டுல போறப்ப ரெண்டு பிரேக்கையும் இந்தக் கொக்கியால பூட்டிடுங்கண்ணே. மறந்துடாதீங்க." மறந்தேன். மூன்றாம் நாள் முயல் வேகத்தில் பாமணி ஆற்றுக் கரையில் வந்துகொண்டிருந்தபோது எதிரே ஓர் ஆடு. மிதித்தது வலது மிதியை மட்டும். வண்டி சட்டென்று வலப்பக்கம் குதிரை மாதிரி திரும்பி, ஒரு கருவேலம் புதரில் போய் நின்றது. புதர் இல்லாவிட்டால் ஆறு. ஆடு அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொக்கி என்பது சின்ன இரும்புத் துண்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அன்றைக்கு அப்புறம் வயலை விட்டு ரோட்டில் ஏறும்போதெல்லாம் குனிந்து அதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

"முதல் 50 மணிக்கு ரொம்ப இழுக்கக் கூடாதுண்ணே, வண்டி பழகணும்" என்பது அந்தப் பையனின் இன்னொரு பாடம். புது எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் ஒன்றையொன்று தேய்த்து ஒத்துப்போக வேண்டும். பாரம் ஏற்றி வதைக்கவும் கூடாது, சும்மா நிறுத்திவைத்து மணிக்கணக்கில் உறும விடவும் கூடாது. 50 மணி ஆனதும் எஞ்சின் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்ற வேண்டும். வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மினுமினுவென்று பொடி. தேய்ந்த இரும்பு.

அப்பாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காளைக்கு ஏர் பழக்குவதும் அப்படித்தான். முதலில் வெறும் நுகத்தடி. பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க வைப்பது. பிறகு வெறும் வண்டி. கடைசியில்தான் கலப்பை. அதுவும் பழகின மாட்டோடு சோடி சேர்த்து. "உனக்குத்தான் பழகின சோடி இல்லை. நீயும் புதுசு, அதுவும் புதுசு" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கிற நாள். எல்லா வருஷமும் வாய்க்காது. அந்த வருஷம் வாய்த்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்குச் சேற்றுழவு. ஒன்பது கொத்துக் கலப்பையைத் தனி ஆளாக மாட்ட வேண்டும். இதில்தான் எனக்கு முதல் பத்து நாளும் விரல் நசுங்கியது. கலப்பைக்கு நேராக வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவதே ஒரு கலை. ஒரு சாண் இந்தப் பக்கம், நாலு விரல் அந்தப் பக்கம் என்று ஏறி ஏறி இறங்க வேண்டும். வண்டியின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. இடது கீழ்க்கையை முதலில் மாட்டிப் பூட்டுப்பின் போட வேண்டும். வலது கையில் திருகு கைப்பிடி இருக்கிறது, ஏற்றி இறக்கலாம், அதனால் அது இரண்டாவது. மேல்கை கடைசி. கழற்றும்போது மேல்கைதான் முதலில். வரிசை தப்பினால் கலப்பை சாய்ந்து காலில் விழும். மேல்கையும் திருகுதான். ஒரு சுற்றுச் சுருக்கினால் கலப்பை மூக்கைக் கீழே குத்தும், நீட்டினால் மூக்கைத் தூக்கும். அரைச் சுற்றில் உழவின் ஆழம் மாறுவதை அந்தக் குறுவையில்தான் கண்டேன். அப்பா மேழியை உள்ளங்கையால் லேசாக அமுக்கியும் விட்டும் செய்ததும் இந்த அரைச் சுற்றைத்தான்.

இந்த மூன்று கை அமைப்பை 1920-களில் உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அதற்கு முன்பு கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, வண்டி முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்துவிடும். மேல்கை வந்த பிறகு, கலப்பை தடுக்கினால் அந்தக் கை வண்டியின் முன்பக்கத்தைத் தரையோடு சேர்த்து அமுக்கும். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி வழியாக அவர் பெயர் நம் ஊர்களுக்கும் வந்தது. எங்கள் ஊரில் மாஸி ஃபெர்குசனை மாசி வண்டி என்பார்கள். மாசி மாசம் வாங்கினதோ என்று நான் சின்ன வயதில் நினைத்ததுண்டு. 1938-இல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்து எதுவும் இல்லாமல் கை குலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிற்பாடு அது கோர்ட்டில் போய் முடிந்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய பேச்சு எதுவும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மல்லாந்து விழுவதைப் பற்றிச் சொன்னேன். அதன் விளிம்புக்கு நானும் ஒரு தரம் போய் வந்தேன். மேலக் கட்டளை வயலில் ஒரு மூலை எப்போதும் பொதபொதவென்று இருக்கும். மாடு அந்த மூலைக்குப் போனால் தானே விலகிப் போகும். வண்டிக்கு அது தெரியாது. பின்சக்கரம் இறங்க ஆரம்பித்ததும் நான் செய்தது இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம். கிளட்சை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு, "ஓ... ஓ..." என்று கத்தினேன். மாட்டை நிறுத்துகிற சத்தம். முப்பது வருஷம் கழித்து எங்கிருந்தோ தொண்டைக்கு வந்தது. வண்டி அச்சு வரைக்கும் புதைந்துதான் நின்றது. நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பை நிமிர்த்திச் சிரித்தார்கள்.

ஒருவர் மரக்கட்டை ஒன்றைத் தூக்கிவந்து, சக்கரத்துக்கு முன்னால் கட்டிப் போட்டால் ஏறிவிடும் என்றார். பக்கத்து வயலில் ரொம்ப நாளாக வண்டி ஓட்டுகிறவர் ஓடிவந்து தடுத்தார். "கட்டை கொடுத்து ஏறவே ஏறாதீங்க தம்பி. சக்கரம் சுத்த முடியலைன்னா வண்டி சுத்தும்." அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. சக்கரம் சேற்றில் இறுகிவிட்டால் எஞ்சினின் பலம் எங்காவது போக வேண்டுமே. அச்சைச் சுற்றி உடம்பையே தூக்கிவிடும், கண்ணிமைக்கிற நேரத்தில். கலப்பை தடுக்கும்போது உதவுகிற மேல்கை இதற்கு உதவாது. முன்னால் போக முடியாவிட்டால் கலப்பையைக் கழற்றிவிட்டுப் பின்னால் வா, அல்லது இன்னொரு வண்டியைக் கூப்பிடு. அன்றைக்கு இன்னொரு வண்டி வந்தது.

அப்பா அந்தப் போகம் முழுக்க வண்டியில் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் சாலோடு நடந்துவருவார். உட்காருங்கள் என்றால், "உட்காந்துக்கிட்டு உழுதா மண்ணு என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். கையில் பழைய தார்க்குச்சி. முனை ஆணி போய்விட்ட வெறும் மூங்கில்.

டீசல் முள்ளைப் பார்க்காமல் விட்டது என் தப்பு. சேற்றில் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் முள்ளும் ஆடிக்கொண்டே இருந்தது; இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடு வயலில் இருமி இருமி நின்றது. கேன் டீசல் ஊற்றியும் கிளம்பவில்லை. போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தேன். இருபது வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. குனிந்து பார்த்ததுமே, "ஏர் புடிச்சிருச்சுண்ணே" என்றான்.

அப்பா வரப்பிலிருந்து கேட்டார். "ஏர் புடிக்கத்தானே வாங்கினோம்?"

தம்பிக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நொடி. பிறகு சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பா சிரிக்கவில்லை. சில நாள் முன்புதான் ஏர் கிளீனரைத் தினமும் திறந்து அடிக்கிண்ணத்து ஆயிலில் படிந்த தூசியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "ஏரை வாய்க்கால்ல கழுவினா பத்தாதா? அதுக்கொரு டப்பாவா?" என்று கேட்டவர். நிஜமாகக் கேட்கிறாரா, நம்மை ஆழம் பார்க்கிறாரா என்பது கடைசி வரை தெரியாது.

தம்பி ஃபில்டர் மேலிருந்த சின்னத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினான். பக்கத்தில் பம்பின் கைப்பிடியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விட்டான். திருகோரத்தில் நுரை வந்தது, கொதிக்கிற பாலின் ஓரம் மாதிரி. நுரை குறைந்து குமிழியானது. குமிழி ஒன்றொன்றாகி, கடைசியில் சுத்தமான டீசல் ஒரு நூலாக வழிந்தது. அந்த நூலைப் பார்த்ததும் திருகை இறுக்கினான். சாவி திருப்பியதும் ஒரு திணறல், பிறகு கிளம்பிவிட்டது. ஒரு துளி காற்று 42 குதிரையையும் நிறுத்திவைத்திருந்தது.

மறுநாள் காலை அப்பா தார்க்குச்சியில் கத்தியால் மூன்று வெட்டு வெட்டியிருந்தார். டாங்கி மூடியைத் திறந்து சல்லடையை எடுத்துவிட்டு, துடைத்த குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். "மேல வெட்டு வரைக்கும் நனைஞ்சா ஒரு நாள். நடு வெட்டுன்னா மத்தியானம் வரைக்கும். கீழ வெட்டுக்கு வந்தா வயல்ல எறங்காதே." மாட்டை விரட்டின குச்சி.

அடுத்த தகராறு மணியில் வந்தது. வாடகைக்கு உழவு போகும்போது மணிக்கணக்குத்தான். வயல்காரர் செல்போனைப் பார்ப்பார், நான் வண்டியின் மணிமீட்டரைப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகவே போகாது. எங்கள் வண்டியின் மீட்டர் எஞ்சின் சுற்றுவதை எண்ணுகிறது. அதற்கென்று வைத்த வேகத்தில் சுற்றினால்தான் அதற்கு ஒரு மணி ஒரு மணி. மெதுவாக உறுமி நின்றால் அதன் மணி நீண்டுகொண்டே போகும். டீக்கு நின்ற நேரம் யார் கணக்கு என்று ஒரு நாள் வாய் தடித்தது. அப்பா நடுவில் புகுந்து, மீட்டர் காட்டுவதையே வாங்கச் சொன்னார். எனக்கு நஷ்டம். வீட்டுக்கு வரும் வழியில், "நுகத்தடியோட நிழல்ல நின்ன நேரத்துக்கு எந்த மாடுடா கூலி கேட்டுச்சு?" என்றார். அவர் காலத்தில் மணி கிடையாது. விடியுமுன் பூட்டி, வெயில் ஏறும்போது அவிழ்த்தால் ஓர் ஏர் உழவு. மாடு நுரை தள்ளினால் அன்றைக்குக் குறைச்சல், அவ்வளவுதான்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. மீட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் மணி. தார்க்குச்சி சீட்டுக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது. வெட்டுகள் மழுங்கிவிட்டன, கண்ணை விட விரல்தான் இப்போது கண்டுபிடிக்கிறது.

போன வாரம் திருவாரூர் போனதும் அந்த வண்டிக்காகத்தான். டாங்கி நிறைய டீசல் இருந்தும் காலையில் இருமல். ஃபில்டர் திருகுக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர் நசுங்கிக் காற்று இழுக்கிறது. அந்த அளவு மன்னார்குடியில் இல்லை. பழைய வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பயணத்தில்தான் பஸ் தகரத்தை இடத்தை மாடு என்று நினைத்து என் கால் மிதித்தது.

கடையில் நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பையன் நிமிராமல், "என்னண்ணே கோளாறு?" என்றான்.

"ஏர் புடிச்சிருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவன் பெட்டியைத் துழாவி ஒரு வாஷரை எடுத்து, பழையதன் மேல் வைத்து அளவு பார்த்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் என்ன சொல்லப் போகிறான்.